யவன நாட்டுக் கோடைக் கல்வி

கல்வி இரு வகைத்து. இருந்த இடத்திலிருந்து நூல்வழிக் கற்பது ஒன்று. நூல் பிறந்த நிலத்திற்கே சென்று கண்வழிக் கற்பது மற்றொன்று. முன்னதின்றிப் பின்னதை மேற்கொள்வோன் கல்லைக் கண்டு கல்லென்றே திரும்புவான். பின்னதின்றி முன்னதில் மட்டும் நிற்போன் சொல்லைக் கற்றுப் பொருளைக் காணாதொழிவான். இரண்டும் இயைவதே முழுக்கல்வி என்பதில் ஐயமில்லை.

இக்கருத்துப் பற்றியே மேனாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல, கோடை விடுமுறையில் தம் மாணவரைக் கிரேக்க நாட்டிற்கு அழைத்துச் சென்று, நான்கு முதல் ஆறு வாரம் வரை அந்நாட்டு வரலாற்றையும் பண்பாட்டையும் கற்பித்து வருகின்றன. அமெரிக்க நாட்டில் இவ்வழக்கம் இன்று பெரிதும் பரவியுள்ளது. காலையில் ஒரு சொற்பொழிவு. வெயில் ஏறுமுன் ஓர் இடிபாடு. மாலையில் ஒரு பொருட்காட்சிசாலை. இறுதியில் ஒரு கட்டுரையோ தேர்வோ. அவ்வளவில் பட்டத்திற்குரிய பாடங்களுள் ஒன்று முடிந்ததாகக் கணக்கிடப்பெறும். இது மெய்யான கல்வியா, கல்வியென்னும் பெயர் பூண்ட உல்லாசப் பயணமா என்னும் வினா எவர் உள்ளத்தும் எழுவது இயல்பே. அவ்வினாவிற்கு எமக்குத் தோன்றிய விடையை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

கிரேக்க மண்ணை மிதித்தறியாத உமக்கு இதுபற்றிப் பேச என்ன உரிமை என்று கேட்பார் உளராயின், அவர்க்கு மூன்று விடை உண்டு. சங்கப் பாடல்களில் யவனரின் கலமும் மதுவும் எமக்கு எதிர்ப்படுகின்றன. அவரை அறியாது அப்பாடல்களை முற்ற அறிதல் இயலாது. கிறிஸ்தவராகிய எமக்கு, ஞாயிறுதோறும் ஆலயத்தில் தமிழிற் படிக்கப்பெறும் புதிய ஏற்பாடு, முதன்முதல் எழுதப்பெற்றது கிரேக்க மொழியிலேயாம். மூன்றாவது விடையைக் கட்டுரையின் பிற்பகுதியிற் கூறுவோம். ஏனெனில் அது பெருமையாற் பிறந்த உரிமையன்று, பிழையாற் பிறந்த உரிமை.

முதற்கண், கல்வியின்பொருட்டு ஏதென்சுக்குச் செல்லுதல் புதிய வழக்கமன்று என்பதை நினைவுகூர்தல் வேண்டும். உரோமப் பெருநாவலராகிய சிசெரோ கி.மு. 79 அளவில் அங்குத் தங்கி மெய்ந்நூல் பயின்றார். பின்னர்க் கி.மு. 45-இல் தம் மகனையும் அங்கு அனுப்பினார். மகனோ கல்வியினும் களியாட்டத்தில் மிகுந்த ஆர்வம் காட்டினான் போலும்! தன் இளமைப் பிழைகட்கு வருந்தி, இனித் திருந்துவதாக உறுதி கூறி, தந்தையின் செயலாளராகிய டைரோவுக்கு அவன் விடுத்த கடிதம் இன்றும் உள்ளது. தந்தை, கடமைகளைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலைக் கி.மு. 44-இல் அம்மகனுக்கே எழுதினார்.

இதற்கு மறுதலையான காட்சி ஒன்றும் உண்டு. கி.பி. நான்காம் நூற்றாண்டில், பின்னாளில் திருச்சபையின் பேராசிரியர்களாக விளங்கிய பாசிலும் கிரெகோரியும் அதே ஏதென்சில் உடன் பயின்றனர். புதிதாக வரும் மாணவரைப் பழைய மாணவர் சூழ்ந்துகொண்டு எள்ளி நகையாடி நீராடுமிடத்திற்கு ஊர்வலமாக இழுத்துச் செல்லும் வழக்கம் அங்கு இருந்ததைக் கிரெகோரியே எழுதியுள்ளார். அவ்வாரவாரத்திற்கு நடுவே தாம் இருவரும் அறிந்த வழிகள் இரண்டே, ஒன்று ஆலயத்திற்கும் மற்றொன்று ஆசிரியரிடத்திற்கும் செல்வன என்றும் அவர் கூறுகின்றார். ஊர் ஒன்றே, ஒருவனுக்கு அது களிக்கூடம், இருவர்க்கு அது கல்விக்கழகம். ஆகவே இடம் தானே எவர்க்கும் எதனையும் கற்பிப்பதில்லை. கோடைக் கல்வியை முற்றும் பழிப்போரும் முற்றும் புகழ்வோரும் இவ்வுண்மையை மறந்தே பேசுகின்றனர்.

அங்கனமாயின், நேரிற் காண்பதால் வரும் பயன் யாது? ஒரு சான்று கூறுவோம். மக்கட்குத் தீங்கு விளைப்பான் என்று அஞ்சப்பட்ட தலைவனைப் பத்தாண்டு நாடு கடத்த ஏதென்ஸ் மக்கள் உடைந்த ஓட்டுச் சில்லுகளில் அவன் பெயரைக் கீறி வாக்களித்தனர் என்று வரலாற்று நூல்களிற் படிக்கின்றோம். படித்தவுடன், தன் கையால் தன் எண்ணத்தைக் கீறும் உரிமை மகன் ஒருவன் நம் அகக்கண்முன் தோன்றுகின்றான். ஆனால் அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு கிணற்றினின்றும் எடுக்கப்பெற்ற, தெமிஸ்தக்கிளிசின் பெயர் பொறித்த 190 சில்லுகளை ஆராய்ந்தோர், அவை யாவும் பதினான்கு பேரின் கையெழுத்தே எனக் கண்டனர். முன்னரே எழுதிவைத்து வாக்காளர்க்கு வழங்க ஒரு கட்சியார் ஆயத்தம் செய்திருந்தனர் என்று அறிஞர் கருதுகின்றனர். குடியாட்சியின் பிறப்பிடத்திலேயே அதன் நோயும் உடன் பிறந்தது! சில்லைக் கண்ட மாணவன் இதனை மறவான். நூலில் மட்டும் கண்டவன் தேர்வு முடிந்த மறுநாளே மறப்பான்.

அவ்வாறே பழைய சந்தைவெளியாகிய அகோராவின் பொருட்காட்சிசாலையில் ஒரு மட்கலம் உண்டு. அடியிலுள்ள சிறு துளைவழியே நீர் முற்றும் ஒழுக ஏறத்தாழ ஆறு நிமிடம் ஆகும். வழக்கு மன்றத்திற் பேசுவோர்க்குக் கால அளவு காட்டிய நீர்க்கடிகாரம் அது. செல்வனாயினும் வறியனாயினும் அவன் பேச்சை அந்நீரே அளந்தது. இன்னும், ஏதென்சுக்குத் தெற்கே லாரியம் என்னும் இடத்து வெள்ளிச் சுரங்கங்களைக் காண்போன், கி.மு. 480-இல் சலாமிஸ் கடற்போரில் வென்ற கப்பற்படை எவ்வெள்ளியால் ஆயது என்பதை அறிவான். அச்சுரங்கத்தில் இருளில் உழைத்தவர் அடிமைகள் என்பதையும் உடன் அறிவான். நாட்டின் விடுதலையும் மக்களின் அடிமையும் ஒரே குழியினின்றும் வந்தன என்பதை அக்குறுகிய வழிகள் கூறுமளவு எந்நூல் கூறும்?

வேதம் பயில்வோர்க்கும் இதனால் பயன் உண்டு. அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து பட்டணத்தில் கல்லியோன் என்னும் அதிபதியின் நியாயாசனத்திற்கு முன் நிறுத்தப்பட்டதை அப்போஸ்தலர் நடபடிகளிற் படிக்கின்றோம். அந்நியாயாசனம் எனக் கருதப்படும் கல்மேடை கொரிந்துவில் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளது. வளைகுடாவிற்கு அப்பால் டெல்பியில் கிடைத்த பேரரசன் கிளவுதியுவின் கல்வெட்டொன்று கல்லியோனின் பெயரைக் குறிக்கின்றது. அதனைக் கொண்டே பவுல் கொரிந்துவில் இருந்த காலம் கி.பி. 51-ஐ ஒட்டியது எனத் துணியப்பெற்றது. ஓரூரின் மேடையும் மற்றோரூரின் கல்வெட்டும் ஒரு திருமறைச் செய்திக்குக் காலம் காட்டுதல் எத்துணை வியப்பு!

பயன் இவ்வாறிருக்க, குறைகளையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. அவற்றுள் முதலாவது விரைவு. ஏதென்ஸ், கொரிந்து, மைசீனே, எப்பிடோரஸ், ஒலிம்பியா, டெல்பி, கிரீட் தீவு என்று ஒரு திங்களுக்குள் ஊர்தியில் ஏறுவதும் இறங்குவதுமாகக் கழியுமாயின், மாணவன் நினைவில் எஞ்சுவன வெயிலும் வியர்வையுமே. வெயிலோ வரவரக் கொடிதாகின்றது. 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வெப்பத்தின் மிகுதியால் அக்ரோபோலிஸ் நண்பகலில் மூடப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில், நாளொன்றுக்கு இருபதினாயிரவர்க்கு மேல் அங்கு ஏறலாகாது என்று அந்நாட்டார் வரையறை செய்தனர். வரம்பே இருபதினாயிரமெனின் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பாசேனியஸ் என்பார் அந்நாட்டைக் கால்நடையாகவும் பிறவாறும் சுற்றி, கண்டவற்றைப் பத்துப் பகுதிகளாக எழுதினார். இன்றும் அகழ்வோர் கையில் அந்நூல் இருக்கின்றது. ஆர அமரக் கண்டதனாலன்றோ அது பயன்படுகின்றது!

இரண்டாவது குறையே பெருங்குறை. பழமை ஒன்றையே கண்டு, இடைக்காலத்தையும் இக்காலத்தையும் கண்மூடிக் கடத்தல் அது. பார்த்தினான் கோயில் கி.மு. 447 முதல் 432 வரை எழுப்பப்பெற்றது என்று வழிகாட்டி கூறுவான், மாணவரும் குறித்துக்கொள்வர். அக்கோயிலே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கிறிஸ்தவ ஆலயமாய் நின்றது. பின்னர்த் துருக்கியர் காலத்தில் பள்ளிவாசலாயிற்று. 1687-இல் வெனிசு நகரத்தார் முற்றுகையிட்டபோது உள்ளே வைத்திருந்த வெடிமருந்து தீப்பற்றிச் சிதறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்ஜின் பிரபுவின் ஆட்கள் அதன் சிற்பங்களைப் பெயர்த்தனர். 1816-இல் அவை பிரிட்டிஷ் மியூசியத்திற்கு விலையாயின. 2009-இல் திறக்கப்பெற்ற அக்ரோபோலிஸ் பொருட்காட்சிசாலையில், ஏதென்சில் எஞ்சிய மூலக்கற்களுக்கிடையே இலண்டனிலுள்ளவற்றின் வெண்சுதைப் படிகளைப் பொருத்தி வைத்துள்ளனர். பழுப்புக் கல்லையும் வெண்சுதையையும் அருகருகே காணும் மாணவனுக்கு ஒரு வழக்கே கண்முன் விரிகின்றது. அவ்வழக்கை ஆராயாது வரிசையில் நகர்ந்து செல்வானாயின், அவன் கண்டது யாது?

இன்னும் ஒன்று. இன்று நாம் காணும் பழங்கிரேக்கத் தோற்றம் தானே நின்ற தோற்றமன்று. பிற்காலத்தவற்றை நீக்கி மக்கள் செய்துகொண்ட தோற்றம். அக்ரோபோலிஸில் நின்ற இடைக்காலக் கோபுரம் ஒன்று 1875-இல் இடிக்கப்பட்டது. டெல்பியின் இடிபாடுகளை அகழ்வதற்காக, அவற்றின்மேல் இருந்த கஸ்திரி என்னும் சிற்றூரே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேறிடத்திற்குப் பெயர்க்கப்பட்டது. 1931-இல் தொடங்கிய அகோரா அகழ்விற்காக, விரிசாகி என்னும் குடியிருப்பின் நூற்றுக்கணக்கான வீடுகள் விலைக்குக் கொள்ளப்பட்டு இடிக்கப்பட்டன. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய பரிசுத்த அப்போஸ்தலர் ஆலயம் ஒன்றே அங்கு இன்றும் நிற்கின்றது. அகழ்வு தவறென்று யாம் கூறவில்லை. அதனால் உலகம் பெற்ற அறிவு பெரிது. ஆயினும் சாக்ரட்டீஸ் உலாவிய வெளியில் நிற்கும் மாணவன், தான் நிற்கும் இடத்தில் அண்மைவரை அடுப்பெரிந்தது, குழந்தை அழுதது என்பதையும் அறிந்து நிற்றல் வேண்டும் என்கின்றோம்.

1922-ஆம் ஆண்டுத் தோல்விக்குப்பின் சிறிய ஆசியாவினின்றும் பன்னிரண்டு இலட்சத்திற்குக் குறையாத கிறிஸ்தவர் அகதிகளாய்க் கிரேக்க நாடு புகுந்தனர். பல இலட்சம் முகம்மதியர் அந்நாட்டை விட்டுத் துருக்கிக்குப் பெயர்ந்தனர். ஏதென்சைச் சூழ்ந்த புறநகர்கள் புதிய ஸ்மிர்னா, புதிய அயோனியா என்னும் பெயர்களால் அத்துயரை இன்றும் உரைக்கின்றன. 1941-இல் செருமானியர் அந்நாட்டைக் கைப்பற்றினர். அவ்வாண்டுக் குளிர்காலத்தில் ஏதென்ஸ் தெருக்களில் மக்கள் பசியால் மாண்டனர். தெசலோனிக்கே நகரத்து யூதர் 1943-இல் கொலைக்களத்திற்குக் கொண்டுபோகப்பட்டனர். அவர்தம் இடுகாடு அழிக்கப்பட்ட நிலத்தின்மேல் இன்று ஒரு பல்கலைக்கழகமே நிற்கின்றது. இவையும் கிரேக்க வரலாறேயன்றோ? பெரிக்கிளிசின் காலத்தோடு ஒரு நாட்டின் வாழ்வு முடிந்ததெனக் கருதுவோர் அந்நாட்டைக் கல்லறையாக்கி, அந்நாட்டாரைக் கல்லறை காப்போர் ஆக்குகின்றனர்.

இங்கேதான் எம் மூன்றாவது விடை வருகின்றது. பழமையைப் போற்றி வாழ்வை இகழும் இப்பிழை மேனாட்டு மாணவர்க்கே உரியதன்று. அந்நாட்டார்க்கும் இருந்தது, எமக்கும் இருந்தது. கிரேக்கர் நெடுங்காலம் தம் மொழியை இரண்டாக வகுத்திருந்தனர்: பழமை தழுவித் தூய்மை செய்யப்பெற்ற எழுத்துமொழி ஒன்று, மக்கள் வாயில் வழங்கிய மொழி மற்றொன்று. 1901-ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் வாழ்ந்த அலெக்சாண்டர் பல்லிஸ் என்னும் கிரேக்க வணிகர், மத்தேயு எழுதின சுவிசேஷத்தை மக்கள் மொழியிற் பெயர்த்தார். ஏதென்ஸ் நாளிதழ் ஒன்று அதனை வெளியிட்டது. திருமறையைத் தெருமொழியில் எழுதுவதா என்று வெகுண்டெழுந்தோர் யார்? கல்லாதார் அல்லர், பல்கலைக்கழக மாணவரே! கலகத்தில் எண்மர் உயிரிழந்தனர், பேராயர் பதவி துறந்தார், அமைச்சரவை வீழ்ந்தது. மக்கள் மொழி அரசாங்க மொழியாக ஏற்கப்பட்டது 1976-இலேதான். வலைஞரும் ஆயக்காரரும் தம் நாளில் பேசிய எளிய கிரேக்கத்தில் முதலில் எழுதப்பெற்ற நூலை, வலைஞர்க்கு விளங்கும் மொழியில் மீண்டும் எழுதியதற்கு மாணவர் சினந்தனர் என்பதை எண்ணுந்தோறும் எம் நெஞ்சம் கூசுகின்றது.

கூசுவதற்குக் காரணமும் உண்டு. தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்த முதல் விடுமுறையில் யாம் ஊர் சென்றிருந்தோம். வாயிற்படியில் தடுமாறிய எம்மைப் பாட்டியார், “பைய வா ராசா, பைய வா” என்றார். “பைய என்பது கொச்சை, மெல்ல என்று கூறுதல் வேண்டும், பாட்டி” என்று திருத்தினோம். அவர் ஒன்றும் கூறாது புன்முறுவல் பூத்தார். அடுத்த பருவத்தில், வகுப்பில் திருக்குறட் காமத்துப்பால் படிக்கும்பொழுது, அச்சொல்லே அப்பொருளிலேயே எதிர்ப்பட்டது. எழுதப்படிக்க அறியாத அவர் வாயில் வாழ்ந்த வள்ளுவர் சொல்லை, வள்ளுவரைக் கற்கச் சென்ற யாம் இகழ்ந்தோம்! அடுத்த விடுமுறையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். “நீ படிச்சவன், சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று அவர் கூறியது இகழ்ச்சியினும் எம்மைச் சுட்டது. ஏதென்ஸ் மாணவரைக் குறைகூற எமக்குள்ள உரிமை இதுவே.

மூன்றாவது குறை வாயிற்கதவு பற்றியது. இக்கோடைக் கல்விக்குப் பல்லாயிரம் டாலர் வேண்டும். வானூர்திக் கட்டணம் பெரும்பாலும் அதன் மேலும் ஆகும். அத்துணைப் பொருளுடையார்க்கே திறக்கும் கதவைக் கல்விக் கதவென்பது எவ்வாறு? விடுமுறையில் கூலிக்கு உழைத்து அடுத்த ஆண்டுச் சம்பளம் சேர்க்கும் மாணவன் அந்நாட்டிலும் உளன். அவனுக்குப் பயணச் செலவு மட்டுமன்று, இழக்கும் கூலியும் சுமையே. சில கல்வி நிலையங்கள் உதவிப்பணம் வழங்குகின்றன. அவை பெருகுதல் வேண்டும்.

குறை கூறுவது எளிது. திருத்தம் கூறுவதே கடன். ஆதலின் எமக்குத் தோன்றியவற்றைத் தொகுத்துரைப்போம். செல்லுமுன் ஒரு பருவமேனும் கிரேக்க எழுத்தையும் இக்காலக் கிரேக்கப் பேச்சையும் மாணவர் பயிலல் வேண்டும். கல்வெட்டைப் படிக்கவும் ரொட்டிக் கடைக்காரரோடு பேசவும் வல்லவனாயின் அவனுக்கு அந்நாடு இருமடங்காய் விரியும். இருபது ஊர்களைக் காண்பதினும் நான்கு ஊர்களில் தங்குதல் நன்று. நாட்களுள் மூன்றிலொரு பங்கேனும் இடைக்காலத்திற்கும் இக்காலத்திற்கும் உரியதாகல் வேண்டும். வந்த மாணவரோடு அந்நாட்டு மாணவரும் ஒரே வகுப்பில் ஒரே மேசையில் அமர்தல் வேண்டும். இல்லையேல் கிரேக்கரைக் காணாமலே கிரேக்கம் கற்றதாக முடியும். ஒவ்வொருவரும் ஒரே ஒரு பொருளை, ஒரு சில்லையோ ஒரு தூணையோ ஒரு புறநகரையோ தேர்ந்து, அதனையே முற்றத் துருவி எழுதுதல் வேண்டும். வறிய மாணவர்க்கு இடம் ஒதுக்கப்படல் வேண்டும், கொடையாகவன்று, உரிமையாக.

செல்ல இயலாத எம்மனோர்க்கு யாது வழி என்னின், வழி உண்டு. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில், 1945-இல் வீலர் முதலானோர் நடத்திய அகழ்வில் மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. யவனர் நம்மிடம் வந்த வழி அது. அவர் நம் கரைக்கு வந்தது மிளகுக்காகவும் மணிகளுக்காகவும்; நாம் அவர் கரைக்குச் செல்வது அறிவிற்காக ஆயின், அதற்குரிய ஆயத்தத்தை இக்கரையிலேயே தொடங்கலாம். அவ்வோடுகளைப் பற்றி ஒரு மாலை படித்துப் பின் சங்கப் பாடலை எடுத்தால், யவனர் என்னும் சொல் உரையாசிரியர் தரும் பொருளாக மட்டும் நில்லாது, கடல் கடந்து களைத்து வந்த மனிதராய் நம்முன் நிற்கும்.

அன்புடைய மாணவ நண்பர்காள்! நம்முள் ஒருவர் ஒருநாள் அக்குன்றின்மேல் ஏறுவாராயின், பளிங்குத் தூண்களைக் கண்ணாரக் காண்க. பவுல் பேசிய மார்ஸ் மேடையையும் காண்க. பின் இறங்கி வரும் வழியில், வாயிற்படியில் அமர்ந்திருக்கும் ஏதேனும் ஒரு கிரேக்க மூதாட்டியாரின் அருகே சிறிது நின்று, அவர் பேசுவதையும் கேட்க. அவர் வாய்ச்சொல்லில் எந்தப் பழம்புலவனின் சொல் வாழ்கின்றதோ, யார் அறிவார்! அதனைத் திருத்த முயலாதிருப்பாராயின், அவர் சென்ற கோடைக் கல்வி பயனுடைத்தாயிற்று என்று யாம் துணிந்து கூறுவோம்.